சோம்பற்புரியின் சட்டம்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு முழுக்கச் சிரிப்பை மறந்தது. காரணம், அந்த நாட்டு விகடகவியாகிய நான் எழுதிய ஒரு சிரிப்புக் கதை. என் பெயர் வடிவழகன். முகத்தைப் பார்த்துவிட்டுப் பெயரைக் கேட்டால், எங்கள் குடும்பத்தில் முதல் விகடகவி என் அப்பாதான் என்பது புரிந்துவிடும்.

கதை இதுதான். சோம்பற்புரி ராஜாவுக்குப் புகார் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 'புகார் சொல்பவனுக்கே ஆறு கசையடி' என்று சட்டம் போட்டார். ஒரே மாதத்தில் புகார் நின்றது. 'என் நாட்டில் குற்றமே இல்லை' என்று ராஜா விழா எடுத்தார். திருடர்கள் தோரணம் கட்டினார்கள்.

இந்தச் சுவடியை எங்கள் மகாராஜாவிடம் கொடுத்தேன். ஆஸ்தானப் பண்டிதர் பொன்பற்றியாருக்கு என்மேல் நெடுநாள் எரிச்சல். அவர் பாடினால் கொட்டாவி விடும் மகாராஜா, நான் தும்மினாலும் சிரிப்பார். பண்டிதர் என்னைத் திட்டியிருக்கலாம். அதைவிடக் கொடியது செய்தார். என் கதைக்கு உரை எழுதினார்!

"மகாராஜா, இது கதையன்று, அரசியல் சாத்திரம். திருடர் என்றது அடங்கிய குடிகளை. தோரணம் என்றது நாட்டின் செழிப்பை."

சுவடி ஓரத்தில், சாப்பிட்ட கையோடு, 'மோர்க்குழம்பில் உப்புக் குறைவு' என்று கிறுக்கி வைத்திருந்தேன். அதற்கும் உரை இருந்தது. "உப்பு என்றது தண்டனையை. ஆறடி போதாது, பன்னிரண்டாக்குக என்பது ஆசிரியர் கருத்து."

"ஆசிரியர் நான்தானே! அது குழம்பு, ஐயா!"

"சாத்திரம் செய்தவர் தம் ஆழத்தைத் தாமே அறியார்," என்றார் பண்டிதர். "இனி இவர் சபையில் நகையாடுவதும் தகாது."

மகாராஜா மீசையைத் தடவினார். சட்டம் வந்துவிட்டது. நாட்டில் புகாரோடு சிரிப்பும் நின்றது.

முதலில் மாட்டியவள் ஆடு மேய்க்கும் மாராயி. இரண்டு ஆடு களவு போனதென்று அரண்மனைக்கு வந்து சொன்னாள். முற்றத்துக் கம்பத்தில் அவளையே கட்டிவிட்டார்கள். உச்சிவேளை முரசு கொட்டியதும் பன்னிரண்டு அடி.

செய்தி கேட்டு முற்றத்துக்கு விழுந்தடித்து ஓடினேன்.

"இந்தக் கதைய எழுதின மகராசன் நீதானா?" என்றாள்.

"சும்மா சிரிக்கறதுக்கு எழுதினேன், தாயி."

"அப்ப சிரி. ஏன் அழுவுற?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு சபைக்குள் போனேன். நேராகப் பண்டிதரிடம் சென்று அவர் தோளிலிருந்த பட்டுச் சால்வையை உருவி என் இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

"அடேய்!" என்றவர் பாதியில் நிறுத்தினார்.

"என்ன, பண்டிதரே?" என்றார் மகாராஜா.

"ஒன்றுமில்லை, மகாராஜா. காற்று சுகமாக இருக்கிறது."

அவர் காதுக் கடுக்கனைக் கழற்றினேன். தலையைச் சாய்த்துக் கொடுத்தார், பாவம். விரல் மோதிரம் லேசில் வரவில்லை. கொஞ்சம் எச்சில் தொட்டு இழுத்தேன். பண்டிதரின் மூச்சு உலைத் துருத்திபோல் எழுந்தது.

"பார்த்து விடுங்கள், ஐயா. 'பெருமூச்சும் புகாரே' என்று உங்கள் உரையிலேயே இருக்கிறது."

மூச்சை அப்படியே விழுங்கினார். முகம் கத்தரிக்காய் நிறமாயிற்று. சபையோர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அதற்குள் வெளியே முரசுக்காரன் தோலைத் தட்டிப் பார்க்கும் ஓசை கேட்டது. உச்சிவேளை நெருங்கிவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றுதான். பண்டிதரின் மடியிலிருந்த உரைச்சுவடியை எடுத்துக்கொண்டு, "அரண்மனை அடுப்பில் விறகு ஈரமாம்" என்று நடையைக் கட்டினேன்.

"ஐயோ! என் உரை! மகாராஜா, திருடன்! பிடிக்கச் சொல்லுங்கள்!"

நின்று திரும்பினேன். "சபை எழுத்தரே, குறித்துக்கொள்ளுங்கள். புகார் ஒன்று. சொன்னவர் பொன்பற்றியார். முற்றத்தில் இன்னொரு கம்பம் நடச் சொல்லுங்கள்."

பண்டிதர் சிம்மாசனத்தின் முன் தடாலென்று விழுந்தார். "மகாராஜா, காப்பாற்றுங்கள்! அது வெறும் சிரிப்புக் கதை! சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே! குழம்பு குழம்புதான், மகாராஜா!"

மகாராஜா சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சபையும் சிரித்தது. சிரிப்பு ஓயுமுன் சட்டம் ரத்தானது. மாராயியை அவிழ்த்துவிட்டு, அவள் ஆடுகளைத் தேட நான்கு குதிரை வீரர்களை அனுப்பினார்கள். "முன்னாடியே போயிருந்தா இந்நேரம் ஆடு வீட்டுக்கு வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். பண்டிதரின் பொருள்களைத் திருப்பிக் கொடுத்தேன். கடுக்கனை மட்டும் காது மாற்றிப் போட்டுவிட்டேன், அவசரத்தில்.

மகாராஜா தம் முத்துமாலையைக் கழற்றி என் கழுத்தில் போட வந்தார்.

"மாலை வேண்டாம், மகாராஜா. ஒரு பதில் போதும். என் கதையை உண்மையிலேயே சாத்திரம் என்று நம்பினீர்களா?"

அவர் கையசைத்துச் சபையைக் கலைத்தார். பிறகு மாலையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"இல்லை, வடிவழகா. முதல் ஓலையிலேயே சிரித்துவிட்டேன். அப்புறம், தினமும் விடிந்தால் வாசலில் புகாரோடு நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். அது சாத்திரமாக இருந்தால் எனக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றியது."