வாசலில் குனிந்தவர்

சரக். சற்று இடைவெளி. மறுபடியும் சரக்.

விடிவதற்கு முன்னால் மாடிப்படியில் ஒரு செருப்பு இழுபடும் ஒலி அது. இருபத்துநான்கு வீட்டுக்காரர்களும் அரைத் தூக்கத்தில் அதைக் கேட்போம். புரண்டு படுப்போம். அதைப் பற்றி மட்டும் யாரும் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியதில்லை.

மற்ற எல்லாவற்றையும் எழுதினோம்.

அந்த மார்கழியில் ஒரு புதன்கிழமை, எங்கள் குடியிருப்பின் செயலாளர் ஆதிமூலம் மொட்டைமாடி அறைக்கு ஏறிப் போனார். அங்கே பூங்கோதை குடியிருந்தார்.

ஆதிமூலத்துக்கு எழுபது வயது. கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். என்சிசி அதிகாரியாகவும் இருந்தவர். பூங்கோதைக்கு நாற்பத்திரண்டு. எந்த மடத்தையும் சேராதவர். ஆதிமூலம் அவரைக் குருவாக வரித்திருந்தார். அதற்குப் பூங்கோதை சரி என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

பூங்கோதை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். படியில் ஓசை கேட்டதும், நிமிராமலே, "வாங்க ஐயா" என்றார்.

"மனசு ஒரு நிலையில இல்லம்மா. கண்ணை மூடினா குரூப்தான் தெரியுது."

"திறந்தா?"

"திறந்தாலும் அதான். போன் கையிலேயே இருக்கே."

ஆதிமூலம் போனை நீட்டினார். சி-2 வசந்தாமணி தன் வாசலுக்கு மேலே புதிதாகக் கேமரா மாட்டியிருந்தாள். அதில் விழுந்த படம். தலையை எதுவோ மூடியிருக்கிறது. வளைந்த ஒரு முதுகு. ஆள் அவள் வாசலில் குனிந்திருக்கிறார். முகம் தெரியவில்லை.

"எவனோ வீடு வீடா நோட்டம் விடறான். நல்லாப் பாருங்க. கூனன். திருட்டு முழி."

"முதுகுல முழி தெரியுதா ஐயா?"

ஆதிமூலம் சிரிக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குரூப்பைப் படித்துக் காட்டினார்.

'எங்க பொண்ணோட வலது கால் செருப்பைக் காணோம்.'

'நேத்து எங்க பால் பாக்கெட் கொஞ்சம் இளைச்ச மாதிரி இருந்துச்சு.'

'நடையைப் பார்த்தாலே தெரியுது, வெளியூர்க்காரன்.'

'வாட்ச்மேன்தான் உள்ளே விடறான்.'

கடைசிச் செய்திக்குப் பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

"சின்னப்பன் என்ன சொல்றார்?"

"வெளியாள் யாரும் வரலைங்கிறான். எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில். ஞாயித்துக்கிழமை கூட்டம்மா. அவனை அனுப்பிடப் போறோம். கடிதம் எழுதி வெச்சுட்டேன்."

வாட்ச்மேன் சின்னப்பனுக்கு அறுபத்துமூன்று வயது. அதற்குமேல் இன்னொரு கேட்டில் யாரும் நாற்காலி போட்டுக் கொடுக்கமாட்டார்கள்.

"இந்த மனசு அடங்க ஒரு வழி சொல்லுங்கம்மா."

பூங்கோதை கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். அந்த முதுகை வெகுநேரம் பார்த்தார்.

"பாவம், இந்தக் குளிர்ல அலையறார். இங்கே கூட்டிட்டு வாங்க. சுக்குக் காப்பி போட்டு வைக்கிறேன்."

"திருடனுக்கா?"

"வர்றவருக்கு."

ஆதிமூலம் தினமும் விடியலில் ஒரு சுற்றுப் போவது வழக்கம். வாசலுக்கு வெளியே கிடக்கும் செருப்பு, மூடாத குப்பைக்கூடை, காயாத கால்மிதி எல்லாவற்றையும் போனில் படம் பிடிப்பார். ஆறு மணிக்குக் குரூப்பில் வந்து விழும். 'பி-4 வாசலில் ஐந்து ஜோடி. கண்டிக்கத்தக்கது.'

மறுநாள் அந்தச் சுற்றை நிறுத்தினார். குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, சி பிளாக் படியின் திருப்பத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து சி-2 வாசல் நன்றாகத் தெரியும்.

வியாழன் யாரும் வரவில்லை.

வெள்ளி யாரும் வரவில்லை.

சனிக்கிழமை கீழேயிருந்து டார்ச் வெளிச்சம் ஏறி வந்தது. சின்னப்பன்.

"ஐயா, மூணு நாளா சத்தத்தையே காணோமே. உடம்பு சரியில்லைங்களா?"

"உஷ்! அவன் வர்ற நேரம்."

"வரமாட்டாருங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

சின்னப்பன் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தோளில் கிடந்த சாக்கை எடுத்து, இரண்டாக மடித்து, படியில் விரித்தார்.

"சிமெண்ட்டு சில்லுனு இருக்கும். இதுல உக்காருங்க."

டார்ச்சை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

வெளுக்கத் தொடங்கியதும் ஆதிமூலம் மாடிக்குப் போனார். பூங்கோதையின் அறையில் சுக்கு மணந்தது. தரையில் இரண்டு தம்ளர் இருந்தன.

"வரலைம்மா. மூணு நாள் காத்திருந்தேன்."

"நீங்க எங்கே இருந்தீங்க?"

"படியிலயே. உக்காந்த இடத்தை விட்டு அசையலை."

"நீங்க உக்காந்தீங்க. அவரும் உக்காந்துட்டார்."

ஆதிமூலம் போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தார். குல்லாவை மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு வலது கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"இப்படியா இருக்கேன்?"

பூங்கோதை ஒரு தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஆறுது. குடிங்க."

"எனக்கு வெச்சதா?"

"வந்தவருக்கு."

பாதி குடித்துவிட்டு ஆதிமூலம் நிறுத்தினார்.

"சின்னப்பனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ம்."

"அவர் ஏம்மா சொல்லலை?"

"சொன்னாரே. வெளியாள் யாரும் வரலைன்னு."

அன்று ஆறு மணிக்குக் குரூப்பில் செருப்புப் படம் வரவில்லை. ஒரு வரி வந்தது. 'சி-2 வாசலில் குனிந்திருப்பவன் நான். சின்னப்பனுக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.'

இருபத்துநான்கு வீடும் மத்தியானம் வரை வாய் திறக்கவில்லை. அப்படி ஒரு நாள் அதற்கு முன் இருந்ததில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வசந்தாமணிதான் முதலில் எழுதினாள்.

'ஐயா, முதுகு ரொம்ப வலிக்குதா?'

ஞாயிற்றுக்கிழமை விடியலில் நான் விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். சரக். சற்று இடைவெளி. சரக். சி-2 வாசலில் அது நின்றது. ஒரு தாழ்ப்பாள் விலகியது.

சின்னப்பன் அதற்குப் பிறகு ஆறு வருடம் எங்கள் கேட்டில் இருந்தார்.