நின்றுகொண்டிருந்த ஈரம்

உன்னைத்தான் சொல்கிறேன். போர்வெல்லுக்குத் துளை போட்டாய். தண்ணீர் வரவில்லை என்றதும் குழாயை உருவி விற்றாய். துளையின் வாயில் ஒரு சாக்கைத் திணித்தாய், மேலே மண்ணைத் தள்ளினாய், நிலத்தைச் செவந்தி தலையில் கட்டிவிட்டு ஊரைவிட்டே போனாய். யார் கண்ணிலும் படாது என்றுதானே நினைத்தாய்? கேள்.

மழை மண்ணுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து சொல்கிறவள் வள்ளிமயில். அவளிடம் தொழில் படிக்க வந்தவன் இருதயராஜ். போர்வெல் தரகை விட்டுவிட்டு வந்தவன், வயதில் அவளைவிட மூத்தவன். அவன் அவளை மேடம் என்பான். அவள் அவனை அண்ணே என்பாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் செவந்தியின் பருத்திக் காட்டில், முழங்கை ஆழத்தில், அந்த ஊர் மண்ணிலும் தண்ணீரிலும் இல்லாத ஒருவகை உப்பை அங்கங்கே புதைத்து வைத்தார்கள். இறங்குகிற மழை உப்பையும் கீழே தள்ளும். உப்பு எவ்வளவு இறங்கியதோ, அதை வைத்துத்தான் கணக்கு.

மழை ஓய்ந்தபின் தோண்டிப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் உப்பு ஒரு சாண் இறங்கியிருந்தது. வேலியோரத்தில் மட்டும் உப்பே இல்லை.

"ஆழத்துக்கே போயிருச்சு மேடம்! இந்த இடம் என்னமா குடிக்குது! நல்ல கணக்கா எழுதிருவோம்."

"கொஞ்சம் கூட்டியே போடுங்க சார்," என்றாள் செவந்தி. "கணக்கு கூடினாத்தான் புது போருக்கு அனுமதி கிடைக்கும்."

வள்ளிமயில் சிரிக்கவில்லை. "குடிச்சது யாருண்ணே?"

"மண்ணுதான். வேற யாரு?"

அவள் இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டாள், மின்சாரம் பாய்ச்சினாள். மண்ணுக்குள் ஈரம் இருக்கும் இடம் கம்பிகளோடு இணைத்த கருவிப் பெட்டியின் திரையில் நீலமாக எழுந்தது. காடு முழுக்க அது பாய் விரித்ததுபோல் கிடந்தது. வேலியோரத்தில் மட்டும் நெட்டுக்குத்தலாக, ஒல்லியாக, ஓர் ஆளைப்போல நின்றது.

"என்ன மேடம் இது?"

"ஈரம் படுத்திருக்கும்ணே. நிக்காது."

பிற்பகல். காற்று அசையவில்லை. ஆனாலும் வேலியோரத்துச் சருகுகள் மட்டும் மெல்ல எழும்பி எழும்பி விழுந்தன. இருதயராஜ் கையை வைத்துப் பார்த்தான். சில்லென்று ஊதியது. கையை இழுத்துக்கொண்டான்.

"மூச்சு விடுது மேடம்."

"என் ஆடு இந்தப் பக்கம் மேயவே மேயாது," என்றாள் செவந்தி. குரல் இறங்கியிருந்தது.

இருதயராஜ் அந்த இடத்தை வெட்டினான். மண்வெட்டி ஒரு சாக்கில் மாட்டியது. மக்கிப்போன சாக்கை இழுத்ததும், அகலமான கறுப்புத் துளை. உள்ளிருந்து மருந்து நெடி.

"போன மாசம் பருத்திக்கு அடிச்ச மருந்து," என்றாள் செவந்தி. "அடிச்ச அன்னைக்கே மழை பிடிச்சுது. இங்கதான் தண்ணி தேங்கி நின்னுச்சு. பொழுது சாயறதுக்குள்ள காணோம்."

வள்ளிமயில் எழுந்து ஊர்க்கிணற்றுக்கு நடந்தாள். இருவரும் பின்னால் போனார்கள். ஒரு வாளி இறைத்து, குப்பியில் பிடித்துச் சோதித்தாள். காட்டில் காணாமல் போன உப்பு அதில் இருந்தது.

செவந்தி வாளியைப் பார்த்தபடி நின்றாள். "காலையில என் புள்ளைங்க இதைத்தான குடிச்சிட்டுப் போச்சுங்க."

"உப்பு வந்த வழியில மருந்தும் வந்திருக்கும்கா. இனி ஒரு சொட்டுக்கூடக் குடிக்க வேண்டாம். ஊர்ல எல்லாருக்கும் சொல்லுங்க. ஓடுங்க."

செவந்தி ஓடினாள்.

காட்டுக்குத் திரும்பும் வழியில் இருதயராஜுக்குப் பழைய தரகன் புத்தி வந்தது. "மேடம், போட்டவனை எங்க போய்த் தேடறது? நாமளே ஒரு கல்லைத் தூக்கி வச்சுருவோம். கணக்குல இந்த இடத்துக்குப் பாதி போட்டுக்கலாம். இறங்கினது மழைத் தண்ணிதான?"

"ஊறி இறங்கினா மழைண்ணே. இது துளையில நேரா விழுது."

"அப்ப என்னன்னு எழுதறது?"

அவள் துளையருகே குப்புறப் படுத்தாள். ஊதிக்கொண்டிருந்த காற்றுக்கு நேராக வாயை வைத்தாள். கூப்பிட்ட குரல் கீழே போய்க்கொண்டே இருந்தது, திரும்பி வரவில்லை.

"துளை போட்டவனே, எங்க இருந்தாலும் வாய்யா. ஊரே தாகத்தோட உக்காந்திருக்கு. வந்து அடியில இருந்து அடைச்சுக் குடு!"