கோழிச் சத்தம் கேட்டால் பண்ணை

பீளமேட்டில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியில் மூன்று பேர்: பூவரசன், லோகு, நான். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளையாவது இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளரும் ஒருவர்தான், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் சென்னியப்பன்.

அவருக்காக நாங்கள் எழுதிய புரோகிராம் பண்ணையின் தீவனக் குழாயைத் திறக்கும். குழாய் நாமக்கல்லில் இருந்தாலும், இன்டர்நெட் வழியாக எங்கிருந்து சொன்னாலும் திறந்துகொள்ளும். அதில்தான் சிக்கல்.

“எங்க ஓடறோம்னு அந்தப் புரோகிராமுக்கே தெரியோணுங்க. பண்ணைக் கம்ப்யூட்டர்ல ஓடுனா தீவனம் கொட்டட்டும். உங்க ஆபீஸ்ல சோதிக்கறப்போ, கொட்டுன மாதிரி எழுதிக் காட்டுனாப் போதும். ஒரு பிடி வீணாச்சுன்னாலும் நான் வேற ஆளப் பாத்துக்குவேன்” என்றார் சென்னியப்பன்.

உட்கார்ந்து யோசித்தோம்.

“கண்ணு முழிச்சதும் மாமியார் வீட்டுல இருக்கறம்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான் லோகு.

“மாமியார் சத்தம் கேக்கும்” என்றான் பூவரசன்.

“அப்பப் பண்ணைன்னா?”

“கோழிச் சத்தம் கேக்கும்!”

கம்ப்யூட்டருக்கு ஒரு பேர் வைத்து, ஓடும்போது அந்தப் பேரைப் படித்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நாங்களோ ஓடிப் போய் ஒரு மைக் வாங்கினோம். கோழி கொக்கரித்தால் ‘பண்ணை’, இல்லாவிட்டால் ‘ஆபீஸ்’.

ஓட்டிப் பார்த்தோம். திரையில் ‘ஆபீஸ்’ என்று வந்தது. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

“பண்ணைன்னா சரியாச் சொல்லுதான்னு பாக்க வேண்டாமா?” என்றேன் நான், பெருமையாக.

நியாயம்தான் என்று ஒரு கோழி வாங்கி வந்து மைக்குப் பக்கத்தில் கட்டினோம். கொக்கரித்தது. ‘பண்ணை’ என்று வந்தது. கைதட்டினோம். அதற்கு மிரண்டு கோழி இன்னும் கொக்கரித்தது.

செல்போன் அடித்தது. சென்னியப்பன்தான். மூவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மைக்கை ஒட்டியே வைத்தோம்.

“தீவனம் நிக்காமக் கொட்டுதுங்க! முழங்கால் வரைக்கும் வந்துருச்சு!”

அவருக்குப் பின்னால் பண்ணைக் கோழிகள் மொத்தமும் கத்தின. அதையும் கேட்டுவிட்டு எங்கள் புரோகிராம் குழாயை இன்னும் அகலமாகத் திறந்தது.

“இடுப்புக்கு வந்துருச்சு! நிறுத்தத் தெரிஞ்ச ஆள் ஒருத்தராச்சும் இப்பவே பண்ணையில இல்லீன்னா, இன்னையோட உங்க சகவாசமே வேண்டாம்!”

இருந்த ஒரே வாடிக்கையாளரும் போச்சே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. தற்செயலாகத் திரையைப் பார்த்தேன். ‘பண்ணை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்புறம்தான் உயிர் வந்தது.

“பதறாதீங்க. நாங்க மூணு பேரும் பண்ணையிலதானுங்க இருக்கறம்” என்றேன். “உங்களைத்தான் காணோம். நீங்க எங்க போயிட்டீங்க?”