கேள்வி இல்லாத பேட்டி

வானொலியில் எழுத்தாளர்களைப் பேட்டி காணும் ஆளவந்தாருக்கு வயிறு எரிந்தது. அவர் லீவு போட்ட ஒரே ஒருநாள் மைக் முன் உட்கார்ந்த உதவியாளர் செண்பகவல்லியையே நேயர் கடிதங்களெல்லாம் புகழ்ந்தன.

"நாளைக்கு நாவலாசிரியர் வர்றார். ஒரு கேள்விகூடக் கேக்காம அரைமணி நேரம் அவரைப் பேச வை. முடியலைன்னா இனி மைக் பக்கமே வராதே" என்றார்.

"சரிங்க சார்."

மறுநாள் பேட்டி தொடங்கியதும், "கடைசியில உங்க கதாநாயகி கிணத்துல விழுந்து சாகிறதைப் படிச்சு அழுதுட்டேன் சார்" என்றாள் செண்பகவல்லி.

"என் கதையில கிணறே கிடையாதேம்மா" என்று பதறிய நாவலாசிரியர், முதல் அத்தியாயத்திலிருந்து விளக்கி முடிப்பதற்குள் அரைமணி ஓடிவிட்டது.

இருவரும் வெளியே வந்ததும் ஆளவந்தார் நாவலாசிரியர் முன்னாலேயே அவளிடம் சீறினார். "இந்தத் தந்திரத்தை யார் சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான் சார். நீங்க புத்தகத்தைப் படிக்காம வந்த அன்னிக்கெல்லாம் வந்தவங்க இப்படித்தான் நிறுத்தாம பேசினாங்க."