அரசர் மென்ற ஒற்றை மணி

முன்னொரு காலத்தில் ஜூலு நாட்டை ஆண்ட ஓர் அரசருக்கு, அறுவடைத் திருவிழா வரை காத்திராமல் புதுச்சோளக் கள் குடித்துப் பார்க்கும் ஆசை வந்தது. அரசரின் ஆசைக்குக் காரணம் கேட்பதில்லை. ஆனால் அதைத் தூண்டிவிட்டவன் துமிசா என்னும் அமைச்சன் என்பதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

அரசரின் மெய்க்காவலன் பெக்குமுசி எங்கள் குலத்து முன்னோன். அரசர் உண்பது எதுவானாலும் முன்னதாக அவன் சுவைத்துப் பார்க்க வேண்டும். அது எங்கள் குலம் கொடுத்த வாக்கு. நாட்டில் இன்னொரு சட்டமும் இருந்தது. புது விளைச்சலை அரசருக்கு முன் சுவைத்தவன் நாடு கடத்தப்படுவான். இந்த இரண்டுக்கும் நடுவில் துமிசா கண்ணி வைத்தான். காவலன் பதவி தன் தம்பிக்கு வர வேண்டும் என்பது அவன் எண்ணம்.

அந்நாட்டு வழக்கப்படி மாட்டுப்பட்டியின் நடுவே சபை கூடியது. துமிசா கள் பானையைக் கொண்டுவந்து வைத்தான்.

"சிறுத்தையே," என்றான். அந்நாட்டில் அரசரை அப்படித்தான் விளிப்பார்கள். "புது விளைச்சல். காவலர் ருசி பார்க்கட்டும். இன்றைக்கு மட்டும் அவர் நாக்கு நீள மறுக்கிறதோ என்னவோ."

சபையில் சிலர் சிரித்தார்கள். குடித்தால் நாடு போகும். குடிக்காவிட்டால் வாக்குப் போகும், கள்ளில் நஞ்சிருந்தால் அரசரே போவார். பெக்குமுசி பானையைத் தொடவில்லை. வேலியோரச் சோளக் கொல்லைக்கு நடந்து, ஒரு கதிரை ஒடித்து வந்தான். உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதி, ஒரே ஒரு மணியை அரசரிடம் நீட்டினான்.

"மண்ணிலிருந்து என் கைக்கு, என் கையிலிருந்து தங்களுக்கு. நடுவில் வேறு கை படவில்லை, சிறுத்தையே."

அரசர் அதை மென்று விழுங்கினார்.

"அரசர் சுவைத்துவிட்டார். இனிப் புது விளைச்சல் எல்லாருக்கும் உரியது," என்று சொல்லிப் பெக்குமுசி துமிசாவிடம் திரும்பினான். "கள் கொண்டு வந்தவர் முதல் மிடறு குடிப்பது நம் வழக்கம். தாங்கள் குடியுங்கள், ஐயா. அடுத்தது நான்."

துமிசா பானையைத் தூக்கினான். அது உதடு வரை போகவில்லை. காலையிலிருந்தே வயிறு சரியில்லை என்றான்.

"குடி," என்றார் அரசர்.

குடித்தான். காவலன் சுவைக்க மறுத்து அரசர் குடித்தால் பழி அவன்மேல் விழட்டும் என்று துமிசா கள்ளில் கலந்திருந்த பேதி வேர் வெகுநேரம் காத்திருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முட்புதருக்கு ஓடினான். அரசருக்கு முதுகு காட்டக் கூடாது என்ற விதியும் அவனோடு சேர்ந்து ஓடியது.

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பானையைக் கவிழ்க்கச் சொல்லிவிட்டு, ஆண்டுதோறும் முதல் கதிரைப் பறித்துத் தரும் உரிமையை எங்கள் குலத்துக்கே கொடுத்தார்.

சபை முழுவதும் சிரித்தபோது பெக்குமுசி ஒருவன்தான் சிரிக்கவில்லை. சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். அவன் காவலன்.