பெறுநர் பெயர்

பேராசிரியர் ஞானதிரவியத்துக்குப் பேசப் பிடிக்காது. மாணவர்களுக்கு அவரிடம் பிடித்ததே அது ஒன்றுதான்.

கோயம்புத்தூரிலிருந்து மேலாண்மை படிக்கும் முப்பது பேரைப் பினாங்குக்குப் படிப்புப் பயணம் கூட்டி வந்திருந்தார். மூன்றாம் நாள் காலை மற்றவர்களைத் துறைமுகம் பார்க்க அனுப்பினார். கோகுலனை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

காரணம் இருந்தது. கோகுலனின் அறிக்கை சட்டை வியாபாரத்தைப் பற்றியது. இரண்டு முறை திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு முறையும் முதல் பக்கத்தில் ஒரே வரி: 'வாடிக்கையாளரைக் காணோம்.' மூன்றாவது முறையும் திரும்பினால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். இன்று மாலைதான் கெடு.

"நாப்பது பேரைப் பேட்டி எடுத்திருக்கேன் சார். கடைக்காரங்க, ஏஜெண்டுங்க, எல்லாரும் இருக்காங்க. இன்னும் யாரைக் காணோம்?"

"வா" என்றார்.

சந்துக்குள் ஒரு பட்டறை. காகிதத்தில் வீடு, காகிதத்தில் கார், காகிதத்தில் சட்டை. எல்லாம் செத்தவர்களுக்கு. சீனர்களுக்கு அது ஏழாம் மாதம். செத்தவர்கள் வந்துபோகிற மாதம் என்பார்கள். வேண்டியதைக் காகிதத்தில் செய்து, பெயர் எழுதி எரித்தால் அவர்களுக்குப் போய்ச் சேருமாம்.

முதலாளி ஒரு சீனக் கிழவர். மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. பேசியது தவமலர். இருபது வருஷமாக அங்கே காகிதம் ஒட்டுகிற பினாங்குத் தமிழச்சி.

"வாங்க சார். தம்பி, காலைப் பார்த்து வைங்க. காரை மிதிச்சிடப் போறீங்க."

கோகுலன் நோட்டைத் திறந்தான். "இதுல யாரு அக்கா வாடிக்கையாளர்? காசு குடுக்கிறவங்களா, செத்தவங்களா?"

"வாங்கிக்கிறவங்கதான்."

"அவங்க புகார் சொல்ல மாட்டாங்களே. அருமையான வியாபாரம்க்கா!"

"சொல்வாங்க." அவள் சிரிக்கவில்லை. "போன வருஷம் ஒரு பெரியவருக்குச் செருப்பு போச்சு. ரெண்டும் இடது கால். மக கனவுல நொண்டிக்கிட்டே வந்தாராம். மறுநாளே மாத்தி அனுப்பினோம்."

கோகுலன் எழுதிக்கொண்டான்: புகார், கனவு வழியாக. பேராசிரியரைப் பார்த்துச் சிரிக்கப் போனான். அவர் முகம் இடம் கொடுக்கவில்லை.

"ஒரு சட்டை சாம்பிள் கிடைக்குமாக்கா? அறிக்கையோட வைக்கணும்."

தவமலர் ஒரு சட்டையை மடித்துக் காகிதப் பைக்குள் போட்டுக் கொடுத்தாள். உள்ளே தொலைபேசி அடித்தது. போனாள்.

பைமேல் சிவப்புக் கட்டங்கள். சீனம், கீழே ஆங்கிலம். கட்டத்தைக் கண்டால் நிரப்பிவிட வேண்டும் அந்தப் படிப்பு படிக்கிறவர்களுக்கு. பெறுநர்: சி. கோகுலன். ஊர்: பீளமேடு, கோயம்புத்தூர். தேதி என்ன போடுவது என்று தெரியவில்லை. விட்டுவிட்டான்.

மூங்கில் சீவும் சத்தம் நின்றது.

கிழவர் நிமிர்ந்து பையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார், தையல்காரர் பார்க்கிற மாதிரி.

தவமலர் திரும்பி வந்தாள். "ஐயோ தம்பி. இது யார் பேரு?"

"என் பேருதான். சாம்பிள் எனக்குத்தானே?"

"செத்தவங்க பேரு எழுதற எடம்லா அது."

கோகுலன் சிரிக்கப் பார்த்தான். "அதுக்கென்ன. கிழிச்சுப் போடுங்க."

"கிழிக்கக் கூடாது. கிழிச்சா பாதிதான் போய்ச் சேரும்."

"எதுல பாதி?"

அவள் கிழவரைப் பார்த்தாள். கிழவர் பையை இரண்டு கையாலும் வாங்கிப் பின்சுவர் அலமாரிக்குக் கொண்டுபோனார். அங்கே இதேபோல ஏழெட்டுப் பைகள் தூசி படிந்து கிடந்தன. எல்லாவற்றிலும் பெயர் இருந்தது. தேதி இல்லை. நடுவில் மட்டும் ஒரு சதுரம், தூசியில்லாமல். கோகுலனின் பை அதில் அச்சாக உட்கார்ந்தது.

"அதெல்லாம் யாரோடது?"

"உங்களை மாதிரி சுத்திப் பார்க்க வந்தவங்க. அவசரத்துல எழுதினவங்க."

"அந்த எடத்துல இருந்தது?"

"கொரியாப் பொண்ணு ஒருத்தியோடது. போன மாசம் எரிச்சோம்."

"ஏன் போன மாசம்?"

"அவங்க வீட்லேருந்து தகவல் வந்துச்சு."

மின்விசிறி திரும்பியது. கொடியில் தொங்கிய காகிதச் சட்டைகள் ஒரே பக்கமாகக் கை தூக்கின.

"சார், அந்தப் பையைத் திருப்பி வாங்கிக் குடுங்க சார். அறிக்கை எக்கேடு கெட்டுப் போகட்டும்."

பேராசிரியர் ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "இதை நம்பறியா?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

கோகுலன் நோட்டை மூடினான். அலமாரிக்கு முன்னால் போய் நின்றான். தொடவில்லை. பையின் வாய் விரிந்து சட்டையின் கழுத்து தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இது என்ன அளவு?"

"எல்லாருக்கும் ஒரே அளவுதான் தம்பி."

"எனக்கு நாப்பத்திரண்டு. தோள்ல பிடிக்கும்."

கோகுலன் இன்னும் கிட்டே குனிந்தான்.

"பொத்தானை வரைஞ்சுல்ல வச்சிருக்கீங்க. எப்படிக் கழட்டறது?" குரல் தணிந்திருந்தது. "ஒரு சட்டைதானா? மாத்துத்துணி கிடையாதா?"

தவமலர் அதைச் சீனத்தில் சொன்னாள். திரும்பவும் சீவ உட்கார்ந்திருந்த கிழவர் கத்தியை வைத்தார். காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்து சீவிய மூங்கில் குச்சியின்மேல் எதையோ குறித்துக்கொண்டார்.

"அங்க குளிருமா?" என்றான் கோகுலன். யாரைக் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

பேராசிரியர் எழுந்து வந்தார். அவன் கையிலிருந்த நோட்டை வாங்கி வெள்ளைப் பக்கம் ஒன்றைப் பிரித்தார்.

"மெதுவாச் சொல்லுங்க" என்றார் அவனிடம், வாடிக்கையாளரிடம் பேசுகிற மரியாதையோடு. "ஒண்ணு விடாம எழுதிக்கறேன். அங்கேருந்து இதுவரைக்கும் யாரும் பேட்டி குடுத்ததில்ல."