கிரைண்டர் ஸ்டாலில் ஒரே கேள்வி

"இந்தக் கல்லை யாருங்க தூக்கிக் கழுவறது?" என்று முணுமுணுத்தபடி ஒரு பெண்மணி ஸ்டாலைவிட்டு நகர்ந்தார். கோவைப் பொருட்காட்சியில் கிரைண்டர்களைத் துடைத்துக்கொண்டிருந்த செல்வநாயகியின் காதில் அது விழுந்தது. மைக்கில் கத்திக்கொண்டிருந்த மேலாளர் ரங்கபாஷ்யத்துக்குக் கேட்கவில்லை.

மாலை வகுப்பில் படித்து வாங்கிய மார்க்கெட்டிங் சான்றிதழைக் காட்டி, அவரிடம் விற்பனையாளர் வேலை கேட்டிருந்தாள் அவள்.

"விக்கறதுக்கு வாய் போதும்மா, சான்றிதழ் எதுக்கு?" என்று அவர் சிரித்தார். "காலையிலிருந்து ஒண்ணுகூடப் போகல. சாயங்காலத்துக்குள்ள பத்து வித்துக் காட்டு, வேலை தர்றேன்."

"வாய் உங்ககிட்டயே இருக்கட்டுங்க சார். எங்க பாடத்துல காதுக்குத்தான் மார்க் அதிகம்."

வந்த பெண்களிடம் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: "வீட்டு கிரைண்டர்ல எதுங்க தொந்தரவு?"

எல்லோரும் கல்லைத்தான் சொன்னார்கள். பார்க்க எடுப்பாக இல்லையென்று மேலாளர் மேசைக்கடியில் தள்ளியிருந்த சின்ன மாடலை எடுத்து, அதன் கல்லை அவர்கள் கையிலேயே கொடுத்தாள். நான்கு மணிக்குள் பதினொன்று விற்றன.

"குருட்டு அதிர்ஷ்டம்!" என்றார் மேலாளர்.

"அப்ப பெரிய கல்லை நீங்களே ஒருக்கா தூக்கிக் காட்டுங்க சார், அதையும் வித்துடலாம்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, அவர் குனிந்தார். கல் பாதிவரைதான் வந்தது.

"ஏனுங்க, இடுப்பு பத்திரம்!" என்று ஓர் அம்மா குரல் கொடுத்தார்.

மெல்ல உட்கார்ந்த மேலாளர், பேனாவை எடுத்து விற்பனையாளர் பட்டியலில் செல்வநாயகியின் பெயரை எழுதினார்.